பின்சுவர்க் கேமராவில் ஒரு வெள்ளைச் சட்டை

எந்தக் கேமரா நல்ல கேமரா என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும், இந்த பிலோமினா ஆன்ட்டி வேலைக்காலம் முழுவதும் கேமரா மாட்டியவள் என்று. லிஃப்ட்டுக்குள் மடக்கிவிடுவார்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டி, "இது ஓகேவா ஆன்ட்டி?" என்பார்கள். மருந்துக் கடையில் போய் எந்த மாத்திரை நல்ல மாத்திரை என்று கேட்பதைப் போல இருக்கும் எனக்கு. உனக்கு என்ன வியாதி என்று முதலில் சொல்லு, அப்புறம் மாத்திரையைப் பார்ப்போம்.

போன மாதம் எங்கள் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் ஒரு படம் வந்தது. படிக்கட்டுக் கேமராவிலிருந்து எடுத்தது. பெரிய பையோடு ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். 'யார் இவர்? யாருக்காவது தெரியுமா?' என்று ஒருவர் கேட்டார். அடுத்தவர் 'பார்த்தாலே தெரிகிறது' என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் அவளைத் திருடியாக்கி, போலீசுக்குச் சொல்லலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பார்த்தால் அவர் மூன்றாம் மாடிக்காரரின் சொந்த அக்கா. ஊருக்குத் திரும்பும்போது முறுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். எல்லோரும் சிரித்துச் சமாளித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டையார்பேட்டை கோடவுனும் கௌதமனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். துரைக்கண்ணு சாரும் வந்தார். அன்றைக்குத்தான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, டிவி பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஒரு கம்பெனியில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு டிவிக்கள் வந்து இறங்கியதும் அதை இழுத்து மூடிவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் மண்ணடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கேமரா கம்பெனி என்று சொன்னதும் என் மாமியார் அதைப் போட்டோ ஸ்டுடியோ என்று நினைத்து, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் திருட்டைப் பிடிக்கிற கேமரா என்றால் வங்கியிலும் நகைக் கடையிலும் மட்டும்தான். வடசென்னையில் அதைத் தேடி வந்தவர்கள் கோடவுன்காரர்களும் ஐஸ் பேக்டரிக்காரர்களும்தான்.

அங்கே எனக்கு மேலாளாக இருந்தவர் துரைக்கண்ணு சார். சின்ன வயதில் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக ஊர் ஊராகப் போனவர். எந்தத் துறைமுகத்தைப் பார்த்து வந்தாலும் வாயில் தண்டையார்பேட்டைதான். கோட்டு போட்டு வந்து இங்கிலீஷில் பேசுகிற வாடிக்கையாளரிடமும், "இன்னா சார், எங்க கீது உங்க இடம்?" என்பார். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு.

ஒரு இடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்றால் சார் நேரே முதலாளியின் அறைக்குப் போகமாட்டார். முதலில் வாட்ச்மேனோடு நின்று ஒரு டீ. எந்தப் பக்கம் நாய் குரைக்கும், எந்தக் கதவு சரியாக மூடாது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்று கதையோடு கதையாகக் கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் முதலாளி. அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"யாரைப் பாக்கணும் சார் உங்களுக்கு?"

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "எல்லாத்தையும்" என்பார்கள்.

"எல்லாத்தையும் பாக்கறதுக்கு எங்க மேஸ்திரி ஒருத்தரு மேல கீறாரு. நம்ப கேமரா ஒண்ணு ரெண்டைத்தான் பாக்கும். எத்தப் பாக்கணும், சொல்லுங்க."

அப்புறம்தான் எங்கள் 'நடை'. எங்கள் கம்பெனியைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. துண்டில் சுற்றி ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவியைக் கொண்டுபோவோம். அதை ஒரு ஸ்டூலில் வைப்போம். மூங்கில் கழியின் நுனியில் கேமராவைக் கட்டி, மாட்டப்போகிற இடத்தில் சார் உயர்த்திப் பிடிப்பார். நான் வாசலிலிருந்து உள்ளே நடந்து வருவேன். டிவி முன்னால் முதலாளி உட்காரமாட்டார், வாட்ச்மேன்தான் உட்காருவார். "வர்றது யாரு?" என்று சார் கத்துவார். "அந்தக் கேமரா அம்மா" என்று அவர் சொல்லிவிட்டால் சுவரில் சாக்பீஸால் ஒரு குறி. "யாரோ ஒரு பொம்பள" என்றால் குறி கிடையாது. கழியை இறக்குவார், தள்ளிப் பிடிப்பார், லென்ஸை மாற்றுவார், நான் மறுபடி நடப்பேன். குறி விழாமல் டிரில்லிங் மெஷினை வெளியே எடுக்கக்கூடாது. இப்படி நடந்தே என் செருப்புகள் தேய்ந்தன. அகலமாகப் பார்க்கிற லென்ஸில் இடம் முழுக்கத் தெரியும், ஆனால் முகம் கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, நடந்து தெரிந்துகொண்டேன்.

எங்கள் பகுதிக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. இங்கே சூரியன் கடலிலிருந்து வருகிறது. காசிமேட்டில் ஒரு மீன் ஏலக் கொட்டகைக்காரர் நாங்கள் சொன்னதைக் கேட்காமல் வேறு ஆளை வைத்துக் கடலைப் பார்த்த மாதிரி கேமரா மாட்டிக்கொண்டார். ஏலமோ விடியற்காலையில். தினமும் ஏலம் சூடு பிடிக்கிற நேரத்தில் சூரியன் நேரே கேமராவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். படத்தில் எல்லோரும் கரிக்கட்டைகள். மறுபடி எங்களிடம்தான் வந்தார். எண்ணூர்ப் பக்கம் போனால் உப்புக்காற்றும் சாம்பலும். நெட்டுக்குப்பத்தில் வலைக் கடை வைத்திருந்த ஒருவர், "யக்கா, உங்க கேமராவுல எங்க ஊரு முழுக்க மார்கழி மாசம் மாதிரி கீது" என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கண்ணாடியில் விரல் தடிமனுக்கு அனல்மின் நிலையச் சாம்பல். அன்றிலிருந்து அந்தப் பக்கம் மாட்டுகிற ஒவ்வொரு கேமராவோடும் ஒரு மெல்லிய பழைய வேட்டித் துண்டைக் கொடுத்துவிட்டு வருவோம், துடைப்பதற்கு.

எல்லா வேலையையும் சார் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். எம்.கே.பி. நகரில் ஒருவர் வீட்டுக்குக் கேமரா வேண்டும் என்று கூப்பிட்டார். வழக்கம் போல யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார் சார். சுற்றி வளைத்துப் பேசிக் கடைசியில் எதிர்வீட்டு வாசலைக் காட்டினார் அவர். எதிர்வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். "அதுக்கு எதுக்கு சார் கேமரா? நாலு வூடு தள்ளி ஒரு ஆயா உக்காந்துகினு கீது, அத்தக் கேட்டா அல்லாத்தையும் சொல்லும்" என்று கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது நானும் சாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மண்ணடிக்கு வெறுங்கையோடு திரும்பியதற்காக அன்று எங்களுக்கு வசவு கிடைத்தது வேறு விஷயம்.

இனி கோடவுன் கதைக்கு வருகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஹமீது பாய் என்பவருக்கு ஒரு கோடவுன். ஹார்பரில் இறங்குகிற மோட்டார் உதிரிப்பாகங்களை வைத்திருந்து கடைகளுக்கு அனுப்புகிற வேலை. கோபக்காரர், ஆனால் கை தாராளம். அவரிடம் மூட்டை இறக்குகிறவர்களுக்கெல்லாம் கருநீல டெரிலின் சட்டை உடுப்பு, முதுகில் மஞ்சள் எழுத்தில் கம்பெனி பெயர். அவர்களுக்கு மேஸ்திரி கௌதமன். வியாசர்பாடி குடியிருப்பில் வீடு, பௌத்தம் தழுவிய குடும்பம். பௌர்ணமி அன்று அவர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்திப் புத்த விகாரில் கூடுவார்கள். அன்று மட்டும் அவர் உடுப்புப் போடாமல் வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு வருவார், சாயங்காலம் அப்படியே விகாருக்குப் போவதற்காக. பாய் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்.

அங்கே கேமரா மாட்டப் போன சமயத்தில் நான் துக்கத்தில் இருந்தேன். என் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வழக்கப்படி கறுப்பு டெரிலின் சேலைதான் கட்டிக்கொண்டிருந்தேன். கோடவுனுக்குள் நடை முடிந்தது. பின்பக்கம் ஒரு முற்றம், பூவரச மரம், அதைத் தாண்டிச் சுவர். அங்கே கழியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு சாரே டிவி முன்னால் போய் நின்றிருந்தார். வெயிலில் நான் நடந்தபோது உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னாமா பிலோமினா, டிவில கல்யாணப் பொண்ணு கணக்கா வெள்ளச் சேலையில வந்துகினு கீறே?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பதிலாக அவர் நடந்தார், அவருடைய கறுப்புப் பேண்ட் வெளுத்துத் தெரிந்தது. பூவரச இலைகள்கூடப் பனி பெய்தது போல வெள்ளையாக இருந்தன. எங்கள் கல்யாணத்தில் பெண்ணுக்கு வெள்ளைதானே. துக்கச் சேலையில் நான் மறுபடி மணப்பெண் ஆனதை நினைத்து, அம்மா போன பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். சார் எனக்கு விளக்கினார். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு இருக்கிறது. இந்தக் கறுப்பு வெள்ளைக் கேமரா அதையும் சேர்த்துப் பார்க்கிறது. கறுப்புச் சாயம் போட்ட டெரிலின் துணி அந்தச் சிவப்பைத் திருப்பி அடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. டியூப்லைட்டில் அந்தச் சிவப்பு கிடையாது, அதனால் கோடவுனுக்குள் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கலர்க் கேமரா தடுமாறும், இது தடுமாறாது. அதனால்தான் அந்தக் காலத்தில் கோடவுனுக்கெல்லாம் இதையே மாட்டினோம். வேடிக்கையாகப் பார்த்துவிட்டு அந்த விஷயத்தை நான் மறந்தே போனேன்.

சில வாரம் கழித்து பாயிடமிருந்து போன். கேசட்டை ஒரு காப்பி எடுக்க வேண்டும், உடனே வரவும் என்று. நாங்கள் போனபோது அவருடைய அறையில் விசிஆர் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் ஓரமாக கௌதமன் உடுப்புச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஹார்பருக்குள் போய்வருவதற்கான அவருடைய பாஸ் மேஜை மேல் கிடந்தது. முன்வாசலில் ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கும்பலாக நின்றிருந்தார்கள்.

பாய் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நேத்து மத்தியானம் பேரிங் பெட்டி ஒண்ணு போச்சு. இத்தப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். பின்பக்க முற்றம். சாப்பாட்டு நேரம், ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவன் காலி மரப்பெட்டிகளின் மறைவில் வந்து, ஒரு பெட்டியைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்குகிறான். தலையில் துண்டு, முகம் சுவரைப் பார்த்து. இடுப்புக்குக் கீழே மரப்பெட்டி மறைக்கிறது. தெரிவதெல்லாம் சட்டை மட்டும்தான். சட்டை வெள்ளை.

"நேத்து பௌர்ணமி. என் கோடவுன்ல வெள்ளச் சட்ட போட்டவன் ஒருத்தன்தான். உள்ள இருக்கற கேமராவுலயும் பாத்துட்டேன். அல்லாரும் கருப்பாத் தெரியறாங்க, இவன் மட்டும் வெள்ள. இன்னும் இன்னா வேணும்? உப்பத் துன்னவன் தண்ணி குட்ச்சுத்தான் ஆவணும். மத்தியான லுகர் தொழுதுட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள காப்பி குடுங்க."

கௌதமன் குரல் உயர்த்தவில்லை. "வெள்ள சட்ட போட்டது தப்பா பாய்? சாப்பாட்டு நேரத்துல நான் மரத்தடியில படுத்துனு இருந்தேன். யாரும் பாக்கல, ஒத்துக்கறேன். ஆனா அது நான் இல்ல."

"கேமரா பொய் சொல்லுதா?"

அதை மறுக்க யாரால்தான் முடிந்திருக்கும்? கேமரா வந்து புதிது, கோயில் சாமி மாதிரி அதை நம்பிய காலம். ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதப்பட்டால் ஹார்பர் பாஸ் திரும்பக் கிடைக்காது. பாஸ் இல்லாத ஆளை வடசென்னையில் எந்தக் கோடவுனும் மேஸ்திரியாக வைத்துக்கொள்ளாது. வேலை போவது ஒரு பக்கம், திருடன் என்று அந்தக் குடியிருப்பில் பெயர் வந்துவிட்டால் அது பிள்ளைகள் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் கண் மேஜை மேல் கிடந்த பாஸை விட்டு நகரவே இல்லை. வெள்ளைச் சட்டை என் கண்ணுக்கும் வெள்ளையாகத்தானே தெரிந்தது.

சார் படத்தை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். விசிஆரை நிறுத்தி, பின்சுவர்க் கேமரா அந்த நேரத்தில் காட்டுவது டிவியில் நேரடியாகத் தெரியும்படி வைத்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"பிலோமினா, அந்தப் பின்சொவுத்துக் கேமரா கண்ணாடி கலீஜா கீது. போய்த் தொடச்சுட்டு வா."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குக் கண்ணாடி துடைக்கத் தோன்றுகிறதே என்று. ஆனாலும் துணியை எடுத்துக்கொண்டு, கும்பலைத் தாண்டி, கோடவுனைச் சுற்றி முற்றத்துக்குப் போனேன். உச்சிவெயில். ஸ்டூலைப் போட்டு ஏறும்போது அறைக்குள்ளிருந்து பாயின் குரல் ஜன்னல் வழியாக அதட்டலாகக் கேட்டது.

"யாருங்க அது? என் கோடவுன் பின்னாடி யாரு அந்த வெள்ளச் சேல பொம்பள?"

"யாரு பாய்?" என்றார் சார், ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி.

"அதோ, ஸ்டூல் மேல ஏறுது பாருங்க!"

"கூப்புட்டுப் பாருங்களேன்."

பாய் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, முற்றம் தெரியாத அந்தப் பக்கவாட்டு ஜன்னல் வழியாக, "யம்மா, வெள்ளச் சேல! இங்க வா!" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

அறை வாசலில் நான் போய் நின்றதும் பாய் என் சேலையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். அதில் காலி ஸ்டூல்தான் இருந்தது. மறுபடி என் சேலையைப் பார்த்தார். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு, அம்மாவுக்காகக் கட்டியது.

"இன்னொரு தபா போ" என்றார் மெதுவாக. போனேன். வெள்ளை. வந்தேன். கறுப்பு. பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வெயில்ல இந்தக் கேமராவுக்கு டெரிலின் அல்லாமே வெள்ளதான் பாய்" என்றார் சார். "நீலமும் வெள்ள, கறுப்பும் வெள்ள. உங்க உடுப்பு அல்லாமே டெரிலின்."

பின்னாளில் ஒருமுறை அவரிடம் கேட்டேன், முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே, என்னை எதற்கு வெயிலில் அனுப்பினீர்கள் என்று. "நான் சொன்னா கேமரா விக்கறவன் சாக்கு சொல்றான்னு ஆயிரும். அவரு கண்ணால பாத்துட்டா அப்பால அது அவரு பேச்சு" என்றார். எனக்கு அந்த வேலையில் கிடைத்த பெரிய படிப்பு அந்த ஒரு பதில்தான். அவருக்கு நான் பட்ட கடன் தீராது.

பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னொருவராக இருந்தால் சரி சரி, போய் வேலையைப் பார் என்று பாஸைத் தூக்கிக் கொடுத்து முடித்திருப்பார். அவர் எழுந்து, "இன்னும் ஒண்ணு பாக்கணும். இப்ப அது யாரா வேணும்னாலும் இருக்கலாம்னுதானே ஆவுது? கௌதமனாவும் இருக்கலாம். வெள்ளையும் வெள்ள, நீலமும் வெள்ள. நான் அரைகொறையா வுட மாட்டேன்" என்றார்.

"அப்ப வெள்ளையையும் நீலத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துவோம்" என்றார் சார்.

கௌதமன் போட்டிருந்தது உடுப்பு. வெள்ளைச் சட்டைக்கு ஆள் வேண்டும். பாய் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டார். தும்பைப்பூப் போல வெள்ளை ஜிப்பா. "நானே போறேன்" என்றார்.

"பாய், ஒரு நிமிசம்" என்று சார் அவரை நிறுத்தினார். "பேஜாரா நெனைக்காதீங்க. அவங்க அல்லாரு முன்னாடியும்தான அவனத் திருடன்னீங்க. இத்தயும் அல்லாரு முன்னாடியும் பாத்துருவோம்."

பாயின் முகம் சிவந்தது. ஒரு நொடி, வேலை போனது எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசலைப் பார்த்து, "டிவியத் தூக்கி வெளிய வைங்கப்பா" என்று கத்தினார்.

கோடவுன் வாசலில் நாற்காலி போட்டு டிவியை வைத்தோம். ஆட்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பாயும் கௌதமனும் ஒன்றாகப் பின்பக்கம் போனார்கள். திரையில் இரண்டு வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து சுவரோரம் நின்றதும் கும்பலில் ஒருவர் "ஐயே!" என்றார், அவ்வளவுதான், எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது. பாயின் ஜிப்பா கண் கூசும் வெள்ளை. கௌதமனின் உடுப்பு வடித்த கஞ்சி நிறம். "ரெண்டு பேரும் முதுகக் காட்டுங்க!" என்று சார் கூவினார். திரும்பினார்கள். பாயின் முதுகு வெறும் வெள்ளை. உடுப்பின் முதுகில் மஞ்சள் எழுத்து கரைந்துபோய், ஒரு மங்கல் பட்டை மட்டும் இருந்தது, ஈரக் கையால் தடவிய மாதிரி.

சார் கேசட்டை மறுபடி ஓட்டி அந்த இடத்தில் நிறுத்தினார். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்குகிறவனின் சட்டை கஞ்சி நிறம். முதுகின் குறுக்கே அந்த மங்கல் பட்டை.

திரும்பி வந்த பாய் குனிந்து அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முந்தின நாள் முழுக்க கௌதமன் உடம்பில் இருந்தது எழுத்தே இல்லாத பருத்திச் சட்டை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பெட்டியை எடுத்தவன் உடுப்புப் போட்டவர்களில் ஒருவன்.

யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிச் சிலர் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அது என் வேல இல்லப்பா" என்று நழுவிவிட்டார். தேவையும் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒருவர் வேலைக்கு வரவில்லை, பெயர் எதற்கு இப்போது.

பாய் அறைக்குள் போய்ப் பாஸை எடுத்துக்கொண்டு வந்தார். அத்தனை பேருக்கும் நடுவே கௌதமனின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அல்லா மன்னிப்பான், அது அவன் சமாச்சாரம். நீ மன்னிக்கணும் கௌதமா" என்றார். கௌதமன் பாஸைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அப்புறம்தான் அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். துக்கச் சேலையின் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். இருந்தபோது யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத என் அம்மா, போன பிறகும் ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் ஒரு கதவு உண்டு. அந்த வாரமே அதன் சாவியை பாய் கௌதமனிடம் கொடுக்கப் போயிருக்கிறார். அவர் வாங்கவில்லை. விஷயத்தை எங்களிடம் சொல்லி எங்களை வரவழைத்தவர் பாய்தான்.

"நீங்களே கேளுங்க. சாவி வேணாமாம். வாங்கணும்னா அந்தக் கதவு மேல ஒரு கேமரா வேணுமாம். நான்தான் உன்ன நம்பறேனேப்பா!"

"நீங்க நம்பறீங்க பாய்" என்றார் கௌதமன். "உங்களுக்கு அப்பால வர்றவங்க? நான் அங்க இல்லாதப்ப, இவன் இங்க இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்ல?"

சார் எத்தனையோ முதலாளிகளிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒரு பதில் அவருக்கு அதற்கு முன் வந்ததில்லை. சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குக் கலர்க் கேமராதான் பாய். வெயில்ல நீலத்த நீலமாக் காட்டற கேமரா. ஒரு பெரிய லைட்டும் போட்ருவோம்" என்றார். விலை அதிகம். பாய் பேரம் பேசவே இல்லை.

மாட்டப் போன அன்று வழக்கப்படி நான் நடக்கத் தயாரானேன். சார் வேண்டாம் என்றார். அந்தக் கதவு வழியாக வந்து போகப்போவது கௌதமன், அவர்தான் நடக்க வேண்டும். டிவிக்கு முன்னால் வாட்ச்மேன் உட்காருவதுதான் எங்கள் முறை. பாய் அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பௌர்ணமி அது. நாங்கள் திட்டமிட்டுப் போகவில்லை, கலர்க் கேமரா வந்து சேர்ந்தது அப்போதுதான். கௌதமன் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு வெயிலில் நடந்து வந்தார். முற்றத்தின் நடுவில் நின்று கேமராவை நிமிர்ந்து பார்த்தார். சார் கழியைப் பிடித்தபடியே, "பாய், வர்றது யாரு?" என்று கத்தினார்.

"எங்க கௌதமன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம் அதைவிடச் சத்தமாக, தெரு வரைக்கும் கேட்கும்படி, "சட்ட வெள்ள! வெள்ளையாத்தான் கீது கௌதமா!"

சார் சுவரில் குறி போட்டார். வேலை முடிந்தது என்று நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். கௌதமன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவு வரைக்கும் திரும்பிப் போனார். அங்கிருந்து, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை நடந்து வந்தார்.